பார்த்துக்கொள்: பெண்களின் இளைப்பாறலும் தோழமையும்



பெண்கள் தம்மைப் பேணிக்கொள்வது பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். இதற்கு மருத்துவரையோ உளவியலாளரையோ அழைத்திருக்கலாமே, ஓய்வுபெற்ற மொழியியலாளருக்கு இங்கே என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நோயைப் பற்றி அவர்கள் சொல்லட்டும். நான் சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு மொழி பெண்ணின் உழைப்புக்கு எத்தனை சொற்களை வைத்திருக்கிறது, அவளுடைய ஓய்வுக்கு எத்தனை சொற்களை வைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்த மொழி பேசும் வீட்டின் நடைமுறை ஓரளவு தெரிந்துவிடும்.

‘செல்ஃப் கேர்’ என்னும் ஆங்கிலத் தொடரைத் தமிழாக்க முயன்றவர்கள் பட்ட பாட்டிலிருந்து தொடங்குகிறேன். ‘தன்னலம் பேணல்’ என்றார்கள் சிலர். ‘தன்னலம்’ என்னும் சொல்லுக்குச் சுயநலம் என்ற பொருள் நிலைத்து நெடுங்காலம் ஆயிற்று. எனவே, ஒரு தாய் தன்னலம் பேணுகிறாள் என்று எழுதினால் அது அவள்மீது சுமத்தப்பட்ட குற்றம்போல் ஒலிக்கிறது. ‘சுயபராமரிப்பு’ என்றார்கள் வேறு சிலர். நம் அடுக்குமாடிகளின் அறிவிப்புப் பலகையில் மின்தூக்கிக்குப் பராமரிப்பு என்று எழுதுகிறோம். அதே சொல்லைப் பெண்ணுக்கும் எழுதலாம், இலக்கணப் பிழை இல்லை. ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

நாம் உண்மையில் எப்படிப் பேசுகிறோம்? விமான நிலையத்தில், மருத்துவமனை வாயிலில், தொலைபேசியை வைக்கும் முன், நம் வாயில் தானாக வருவது ஒரே தொடர்: ‘உடம்பைப் பார்த்துக்கொள்.’ நாம் தேடிக்கொண்டிருக்கும் சொல் இதுதான் என்று நான் கருதுகிறேன். இதன் இலக்கண அமைப்பைச் சற்றுக் கவனியுங்கள். ‘பார்’ என்பது முதல்வினை. ‘கொள்’ என்னும் துணைவினை சேரும்போது, செய்பவரே அச்செயலின் பயனைப் பெறுகிறார் என்ற பொருள் வருகிறது. சமைத்தாள் என்பதற்கும் சமைத்துக்கொண்டாள் என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. முதலாவதில் உண்பவர் யாரோ, இரண்டாவதில் அவளே. தன்னைத் தான் பேணுதல் என்னும் கருத்தைத் தமிழ் இவ்வளவு சிறிய ஓர் உறுப்பில் வைத்திருக்கிறது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. இத்தொடர் முன்னிலையில் இருக்கும்வரை அன்பாக இருக்கிறது. தன்மைக்கு மாற்றிப் பாருங்கள். ‘என்னை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரு பெண் சொன்னால் என்ன கேட்கிறது? ‘நீ உன் வேலையைப் பார்’ என்று கேட்கிறது. சினம் கேட்கிறது, விலகல் கேட்கிறது. ஆக, தமிழில் ஒரு பெண் தன்னைப் பேணிக்கொள்ள வேண்டும் என்றால், அதை அவளிடம் வேறொருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வேறொருவர் யார் என்பதே இன்றைய உரையின் பொருள்.

அதற்கு முன், ஓய்வுச் சொற்களைப் பார்ப்போம். பள்ளியில் பிள்ளையிடம், ‘அம்மா என்ன செய்கிறார்?’ என்று ஆசிரியர் கேட்கிறார். ‘சும்மாதான் இருக்கிறார்’ என்கிறது பிள்ளை. மலையாளத்தில் ‘சும்மா’, கன்னடத்தில் ‘சும்மனெ’ என்று இச்சொல் நம் அண்டை மொழிகளிலும் வழங்குகிறது. அருணகிரிநாதரும் தாயுமானவரும் ‘சும்மா இருத்தல்’ என்பதை எட்டுதற்கரிய பேறாகப் பாடினார்கள். அதே தொடரைத்தான் விடியலுக்கு முன் எழுந்து, எல்லாரும் உறங்கியபின் அடுக்களை விளக்கை அணைக்கும் பெண்ணுக்கும் நாம் சூட்டியிருக்கிறோம். துறவி சும்மா இருந்தால் ஞானம். இல்லத்தரசி சும்மா இருந்தால் அவளுக்கு வேலை இல்லை என்று பொருள். வீட்டில் ஊதியமின்றிச் செய்யப்படுவதும் ‘வேலை’யே என்று உலகத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு வரையறை செய்தது 2013இல்தான். நம் பேச்சுவழக்கு இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

பெண்கள் தம் ஓய்வைத் தாமே எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்பது இன்னும் சுவையானது. ‘கொஞ்சம் கட்டையைச் சாய்த்தேன்’ என்பார் பாட்டி. ‘முதுகை நிமிர்த்தினேன்’ என்பார் அத்தை. ‘கண் அசந்துவிட்டேன்’ என்பார் அம்மா. முதல் தொடரில் உடம்பு வெறுங்கட்டை ஆகிறது. இரண்டாவதில் ஓய்வு என்பது முதுகின் தேவையாகச் சுருங்கிவிடுகிறது. மூன்றாவதில் ‘விடு’ என்னும் துணைவினை, தன் விருப்பத்தை மீறி நடந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்கிறது. ‘நான் இரண்டு மணி நேரம் ஓய்வெடுத்தேன்’ என்று நேர்வாக்கியமாகச் சொல்லும் பெண்ணை என் வாழ்நாளில் மிக அரிதாகவே கேட்டிருக்கிறேன். ஆண்கள் சொல்கிறார்கள், இலக்கணம் அவர்களைத் தடுப்பதில்லை.

வகுப்பறையில் நாம் நடத்தும் பாடத்துக்கும் இதில் பங்கு உண்டு. வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரத்தின் 56ஆம் குறள், பெண் என்பவள் முதலில் தன்னைக் காப்பவள், பிறகு கணவனைப் பேணுபவள் என்று வரிசைப்படுத்தி, இறுதியில் அவளைச் சோர்வு இல்லாதவள் என்கிறது. பரிமேலழகர் அங்கே ‘சோர்வு’ என்பதற்கு மறவி என்று பொருள் கொண்டார். அதாவது, கடமையை மறவாதவள். இன்றைய மாணவர் அச்சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறார்? களைப்பு என்று. ஆகவே, களைப்பே அடையாதவள்தான் பெண் என்று வள்ளுவர் சொன்னதாக எழுதிவிட்டுப் போகிறார். வள்ளுவர்மீது வேறு வழக்குகள் வேண்டுமானால் தொடுக்கலாம், நானே தொடுப்பேன். அந்தத் ‘தற்காத்தல்’ என்பதைக் கற்பு ஒன்றாக உரைகாரர் சுருக்கியதையும் கேட்கலாம். ஆனால் களைப்படையக் கூடாது என்னும் கட்டளை அங்கே இல்லை. ஆசிரியர்கள் இந்த ஒரு சொல்லை வகுப்பில் விளக்கினால், பல பெண்பிள்ளைகளின் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கும்.

இனி, அந்த வேறொருவருக்கு வருகிறேன். உலக இலக்கியங்களில் பெண்ணுக்குப் பெண் துணையாக வருவது புதிதன்று. ஆனால், பெண்ணின் நட்பை ஓர் இலக்கணப் பாத்திரமாக்கி, அவள் எந்தெந்த இடத்தில் வாய்திறந்து பேசலாம் என்று விதி வகுத்த மொழி தமிழ். தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் தோழிக்கு உரிய கூற்றுகளை நீண்ட நூற்பாவில் அடுக்குகிறது. செவிலியின் மகளே தோழி என்று அவளுக்கு உறவும் சொல்கிறது. தலைவி தன் வாயால் சொல்லாததைக் குறிப்பால் உணர்வது அவள் பணி. தலைவனிடம் திருமணத்தை வலியுறுத்துவது அவள். பரத்தையிடமிருந்து திரும்பி வரும் தலைவனுக்கு வாயில் மறுப்பதும் அவளே. காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்த வேண்டிய நெருக்கடி வரும்போது, தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உணர்த்துகிறார்கள். இதற்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர். கவனியுங்கள்: ஒரு பெண்ணின் துயரத்தை மற்றொரு பெண் எடுத்துச் சொல்வதை நம் இலக்கணிகள் கோள் என்றோ வம்பு என்றோ அழைக்கவில்லை, அறம் என்று அழைத்தார்கள்.

குறுந்தொகை, நற்றிணை ஆகிய நூல்களின் பாடல்களுக்குக் கீழே அமைந்த துறைக்குறிப்புகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் ‘வற்புறுத்தியது’. பிரிவைப் பொறாமல் வருந்தும் தலைவியைத் தோழி வற்புறுத்தினாள் என்று அக்குறிப்புகள் சொல்கின்றன. மாணவர்கள் இதைப் படித்துவிட்டு, தோழி ஏதோ கட்டாயப்படுத்தியதாக எண்ணுகிறார்கள். இன்றைய வழக்கில் வற்புறுத்தல் என்றால் அதுதானே! ஆனால் அச்சொல்லின் உள்ளே இருப்பது வன்மை. வற்புறுத்தல் என்றால் வலிமை பெறச் செய்தல். அவர் வருவார், நீ தாங்குவாய் என்று உறுதி ஊட்டுவது. வலிமை ஊட்டுதல் என்ற பொருள் தேய்ந்து, வலிந்து செய்வித்தல் என்ற பொருள் எஞ்சியது. சொற்பொருள் மாற்றத்துக்கு நான் பல ஆண்டுகள் மாணவர்களுக்குக் காட்டிய எடுத்துக்காட்டு இது. ஒரு சொல் மட்டுமா மாறியது என்று அப்போதெல்லாம் என் மனத்தில் ஓடும்.

இன்னொரு வினை ‘ஆறு’. தேநீர் ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. பசியாறினோம் என்று மலேசியாவிலும் இங்கும் நாள்தோறும் சொல்கிறோம். களைப்பாறுதல், இளைப்பாறுதல், ஆறுதல் எல்லாம் இதன் வழிவந்தவை. இதன் பிறவினை ‘ஆற்று’. தேநீரை ஆற்றுகிறார் கடைக்காரர். ‘ஆற்று’ என்பதற்குப் பொறுத்தல், செய்தல் என்ற பொருள்களும் உண்டு. அவையெல்லாம் ஒரே வேரினவா என்னும் வாதத்துக்குள் நான் இன்று நுழையவில்லை, நுழைந்தால் மணி எட்டைத் தாண்டிவிடும். நான் சொல்ல வருவது எளியது. சூடான ஒன்று தானாக ஆறலாம், நேரம் ஆகும். ஒருவர் ஆற்றினால் விரைவில் ஆறும். தலைவியின் துயரத்தைத் தணித்துப் பொறுக்கச் செய்வதை உரைகாரர்கள் ‘ஆற்றுவித்தல்’ என்றார்கள். அதைத் தோழியின் தொழிலாகவே கண்டார்கள்.

சிலப்பதிகாரத்தில் இத்தகைய தோழமை இரண்டு இடங்களில் வருகிறது. புகாரில் கண்ணகியின் தோழி தேவந்தி. கண்ணகி தான் கண்ட தீக்கனவை அவளிடம்தான் சொல்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு இன்புறலாம் என்று தேவந்தி வழி சொல்கிறாள். அது பெருமை அன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். தோழி சொன்ன அறிவுரையை ஏற்காமல் இருக்கலாம். அதனால் நட்பு குறைவதில்லை. காப்பியத்தின் இறுதியில், கண்ணகிக்குக் கோயில் எடுத்த வஞ்சி நகரத்துக்கு அத்தேவந்தி வந்து நின்று அரற்றுகிறாள். மறுக்க இடம் தராத அன்பு தோழமை ஆகாது என்பது என் துணிபு.

மற்றோர் இடம் மதுரைப் புறஞ்சேரி. கவுந்தியடிகள் மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக விட்டுச் செல்கிறார். பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஆயர் சேரியெங்கும் தீய குறிகள். மாதரி தன் மகள் ஐயையை அழைத்து, கண்ணகி காணக் குரவைக்கூத்து ஆடுவோம் என்கிறாள். பிறகு கோவலனுக்கு நேர்ந்ததைக் கேட்டறிந்து ஓடிவந்து, சொல்ல முடியாமல் நிற்பவளை நோக்கிக் கண்ணகி ‘தோழீ’ என்றே அழைக்கிறாள். அவர்கள் பழகியது சில பொழுதுதான். உறவின் ஆழத்துக்கு நாட்கணக்கு வேண்டியதில்லை போலும்.

இத்தகைய தோழியை இன்று எந்தச் சொல்லால் அழைக்கிறோம்? ‘இகுளை’, ‘பாங்கி’, ‘சகி’ என்னும் சொற்கள் அகராதிக்குள் போய்விட்டன. ‘தோழி’ இருக்கிறது, ஆனால் ஒரு பெரிய மனிதரின் ‘தோழி’ என்று செய்தித்தாள் எழுதும்போது அதில் ஒரு கண்சிமிட்டல் ஒட்டிக்கொள்கிறது. நம் நாட்டுப் பேச்சில் ‘கூட்டாளி’ என்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இதைக் கேட்டுத் திகைப்பார்கள், அங்கே கூட்டாளி என்றால் தொழிலில் பங்குதாரர், அல்லது திருட்டில் உடந்தை. எனக்கு நம் வழக்கே பிடித்திருக்கிறது. கூடி நிற்பவள் கூட்டாளி.

ஆனால் கூடி நிற்கும் பெண்களின் பேச்சுக்கு நாம் வைத்த பெயர்கள் வம்பு, அரட்டை, வெட்டிப்பேச்சு. நம்மில் பலருடைய பாட்டிமார் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள். இருள் பிரியும் முன் பெரட்டுக்கு ஓட வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட வேண்டும். திரும்பி வந்தால் லயத்து வீட்டில் மீண்டும் அடுப்பு. குழாயடியில் குடம் நிரம்பும்வரை நின்ற நேரம்தான் அவர்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கிடைத்த நேரம். யார் வீட்டில் அரிசி இல்லை, யார் கணவன் கள்ளுக்கடையிலிருந்து எப்படி வந்தான், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவந்தன. தெரிந்ததால் உதவியும் வந்தது. மொழியில் எஞ்சியதோ ‘குழாயடிச் சண்டை’ என்னும் தொடர் மட்டும். குழாயடி நட்பு என்று ஒரு தொடரை யாரும் உண்டாக்கவில்லை.

பெண்கள் வீட்டிலேயே கூடி, வீட்டுக் கடமையிலிருந்து விலகி இருப்பது புதிய நாகரிகம் அன்று. நாஞ்சில் நாட்டிலும் தென்தமிழகத்தின் பிற பகுதிகளிலும் ஔவையார் நோன்பு என்று ஒன்று உண்டு. ஆடி, தை, மாசி மாதங்களின் செவ்வாய்க்கிழமை இரவில், ஊர் உறங்கியபின், பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். பச்சரிசி மாவில் உப்பில்லாக் கொழுக்கட்டை செய்வார்கள். ஔவையின் கதையைச் சொல்வார்கள். ஆண்கள், சிறுவர்கள்கூட, அங்கே இருக்கக் கூடாது. அந்தக் கொழுக்கட்டையைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது. நோன்பின் நோக்கம் குடும்ப நலன் என்பார்கள். இருக்கட்டும். ஆண்டில் சில இரவுகளேனும், யாருக்கும் பரிமாற வேண்டாத ஓர் உணவைத் தமக்காகவே சமைத்துத் தாமே உண்ட பெண்கள் அவர்கள். சமைத்துக்கொண்டார்கள் என்று அங்கே சொல்லலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. விலகி இருத்தல் எல்லாமே இளைப்பாறல் ஆகிவிடாது. மாதவிலக்கு நாட்களில் பெண்ணைத் தனியே ஒதுக்கி வைத்ததை, ‘அந்தக் காலத்தில் பெண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள்’ என்று இப்போது சிலர் மெருகூட்டுகிறார்கள். தீட்டு என்னும் சொல்லை வைத்துக்கொண்டு ஓய்வு என்று பொருள் சொல்வது நேர்மையன்று. அந்த மூன்று நாட்கள்தான் தமக்கு முதுகு நிமிரக் கிடைத்தவை என்று சொன்ன மூதாட்டிகள் உண்டு; அது மற்ற இருபத்தேழு நாட்களைப் பற்றிய வாக்குமூலம். மகப்பேற்றுக்குப் பின்னான ஓய்வும் அப்படியே. நம் அண்டைவீட்டுச் சீனர்கள் அதை ‘மாதம் உட்கார்தல்’ என்னும் பொருள்பட அழைக்கிறார்கள். மலாய்க்காரர்கள் ‘பந்தாங்’, அதாவது விலக்கு என்கிறார்கள், பெரும்பாலும் 44 நாட்கள். நாம் தாய்வீடு என்றும் பத்தியம் என்றும் சொல்கிறோம். மூன்றும் நல்ல ஏற்பாடுகள். மூன்றிலும் ஓய்வுக்குக் காரணமாக ஒரு குழந்தை வேண்டியிருக்கிறது. காரணம் காட்டாமல் பெண் இளைப்பாற முடியுமா என்பதே எஞ்சும் கேள்வி.

எனக்குத் தெரிந்த சில பெண்கள் முடியும் என்று காட்டிவருகிறார்கள். பெரும்பாலோர் ஆசிரியர்கள், இருவர் தாதியர், ஒருவர் இல்லத்தரசி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவர்களுள் ஒருவருடைய அடுக்குமாடி வீட்டில் காலை முதல் மாலைவரை கூடுகிறார்கள். அன்று அவ்வீட்டுக் கணவரும் பிள்ளைகளும் வெளியே போய்விட வேண்டும். வீட்டுக்காரி சமைக்கக் கூடாது. கடையில் வாங்கிய உணவு போதும். கைப்பேசிகள் ஒரு கூடையில். முற்பகலில் ஒரு மணி நேரம் யாரும் பேசுவதில்லை, படுக்கலாம், படிக்கலாம், சாளரத்தைப் பார்க்கலாம். பிறகு பேச்சு. கேட்டவர் அறிவுரை சொல்ல வேண்டுமானால், ‘சொல்லலாமா?’ என்று முதலில் கேட்க வேண்டும். தேவந்தியின் கதையை அவர்களுக்குச் சொன்னபோது, ‘எங்களுக்கு அந்த விதி முன்பே தெரியும்’ என்று சிரித்தார்கள். இதற்கு ஒரு தமிழ்ப்பெயர் கேட்டார்கள். ஆறுகின்ற நாள் என்பதால் ‘ஆறுநாள்’ என்றேன். கணவன்மார் ஆறு நாட்கள் என்று எண்ணிப் பதறுவார்கள் என்று தள்ளிவிட்டார்கள். ‘இளைப்பாறல்’ என்று நிலைத்துவிட்டது.

அவர்கள் நடுவே எழுந்த ஒரு வினாவைச் சொல்லாமல் விடக்கூடாது. அன்றைய நாளில் அந்த வீட்டின் பாத்திரங்களைக் கழுவியவர் யார்? முதல் சில மாதங்கள், அவ்வீட்டுப் பணிப்பெண். இதை அவர்களுள் ஒருவரே எடுத்துக் கேட்டார். சிங்கப்பூர்ச் சட்டம் இல்லப் பணிப்பெண்களுக்கு 2013 முதல் வார ஓய்வு நாள் உண்டு என்கிறது. 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையேனும் காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது. எங்கோ ஓர் ஊரில் தன் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து நம் பிள்ளைகளை வளர்க்கும் அப்பெண்ணுக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவில் ஒரு கூட்டாளி காத்திருக்கிறாள். நம் அக இலக்கியத்தைப் படிக்கும்போதும் இந்த உறுத்தல் எனக்கு உண்டு. தோழி எல்லாரையும் ஆற்றுகிறாள். அவளுக்குப் பெயர் இல்லை, அவள் காதலைப் பற்றியோ களைப்பைப் பற்றியோ பாட்டு இல்லை. தோழியை ஆற்றியவர் யார் என்பதற்கு இலக்கணத்தில் நூற்பா கிடையாது. இளைப்பாறல் நாளில் இப்போது பாத்திரம் கழுவுவது வந்தவர்கள் எல்லாரும். பணிப்பெண்ணுக்கு அன்று விடுப்பு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களில் பெரும்பாலோர் பெண்கள். கட்டுரை ஏடுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று, சமைத்து முடித்து, நள்ளிரவில் திருத்துபவர்கள். ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் சில நாட்களாகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டால், அதைக் கண்டுகொள்ளுங்கள். அவர் தானாகச் சொல்லமாட்டார். குறிப்பறிவது தோழியின் இலக்கணம்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள ஐந்து பெண்களிடம், வயது வேறுபாட்டோடு, இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ‘வேலை முடிந்து நீங்கள் ஓய்வாக இருப்பதை எந்தச் சொல்லால் சொல்வீர்கள்?’ என்பது ஒன்று. ‘உங்களிடம் உடம்பைப் பார்த்துக்கொள் என்று கடைசியாகச் சொன்னவர் யார், எப்போது?’ என்பது மற்றொன்று. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே, பேச்சுவழக்கைத் திருத்தாமல் எழுதுங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை வரத் தாமதமானால் அவசரப்படுத்த வேண்டாம். அந்த மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். களப்பணியில் அதுவும் தரவுதான். தொகுத்ததை உங்கள் ஆசிரியர் வழியாக எனக்கு அனுப்பினால், அச்சொற்களை ஒரு சிறிய அகராதியாக்கித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.